கீட்டோனையும் ஆல்டிஹைடையும் ஆல்கேனாக ஒடுக்குவது: முறையைத் தேர்ந்தெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பென்சீன் வளையத்தோடு மூன்று கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி ஒன்றைச் சேர்க்க வேண்டும். என்-புரோப்பைல்பென்சீன்தான் இலக்கு. பென்சீன், 1-குளோரோபுரோப்பேன், நீரற்ற அலுமினியம் குளோரைடு மூன்றையும் சேர்த்து ஃபிரீடல்-கிராஃப்ட்ஸ் ஆல்கைலேற்றம் செய்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். செய்தால் கிடைப்பது கலவை. அதில் கிளைத்த ஐசோபுரோப்பைல்பென்சீனே அதிகமாக இருக்கும். முதல்நிலைக் கார்பனில் நேர்மின்சுமை நிலைக்காது. ஒரு ஹைட்ரைடு இடம்பெயர்ந்து இரண்டாம்நிலை நேரயனி ஆகிவிடுகிறது. ஒன்றின் கொதிநிலை 159 டிகிரி செல்சியஸ், மற்றதன் கொதிநிலை 152. பிரித்தெடுப்பதும் சிரமம்.

இதற்கு நல்ல சுற்றுவழி ஒன்று உண்டு. குளோரோபுரோப்பேனுக்குப் பதில் புரோப்பனாயில் குளோரைடை எடுத்து அசைலேற்றம் செய்யுங்கள். அசைல் நேரயனி உடனிசைவால் நிலைப்பட்டிருப்பதால் அதன் சங்கிலி மாறாது. 1-பினைல்புரோப்பன்-1-ஓன் சுத்தமாகக் கிடைக்கும். இப்போது சங்கிலி சரியாக இருக்கிறது, ஒரு ஆக்சிஜன் மட்டும் கூடுதல். அந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டு அதே கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்களை வைத்தால் வேலை முடிந்தது. கட்டுரை முழுவதும் இந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான்.

சோடியம் போரோஹைட்ரைடோ லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடோ இங்கே உதவாது. அவை கார்பனைலை (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புத் தொகுதியை) ஆல்கஹாலாக்கி நின்றுவிடும். ஆக்சிஜனை முழுதாக வெளியேற்றத் தனி முறைகள் வேண்டும். பாடப்புத்தகத்தில் இரண்டு வரும்: கிளெமென்சன் ஒடுக்கம், உல்ஃப்-கிஷ்னர் ஒடுக்கம். இரண்டும் ஒரே விளைபொருளைத் தருகின்றன என்று ஒரே அட்டவணையில் அடுத்தடுத்துப் போட்டிருப்பார்கள். அதனால் "எதை எழுதினாலும் சரிதான்" என்ற எண்ணம் மாணவர்களிடம் படிந்துவிடுகிறது. என் அனுபவத்தில், இந்தப் பாடத்தில் மதிப்பெண்ணும் போகிறது, ஆய்வகத்தில் சரக்கும் வீணாகிறது என்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் இந்த எண்ணம்தான். கார்பனைலைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மூலக்கூறின் மற்றப் பகுதிகளைப் பொறுத்தவரை இரண்டும் நேர் எதிர்.

முதல் படி: கார்பனைலைத் தவிர மற்றதை எல்லாம் பாருங்கள்

அமைப்பு வாய்பாட்டை எழுதி, கார்பனைலை ஒரு வட்டத்துக்குள் அடைத்துவிடுங்கள். அதை இனி நாம் பார்க்கப்போவதில்லை. மிச்சமிருக்கும் வினைச்செயல் தொகுதிகளை ஒவ்வொன்றாக ஒரு தாளில் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: அடர் அமிலத்தில் கொதித்தால் இது தாங்குமா? 200 டிகிரியில் வலுவான காரத்தோடு இருந்தால் தாங்குமா? ஒடுக்கிக்கே இது பலியாகுமா?

அமிலத்தைத் தாங்காதவை: அசிட்டாலும் கீட்டாலும், எளிதில் நீர் இழக்கும் ஆல்கஹால்கள் (குறிப்பாக மூன்றாம்நிலை), அமிலத்தில் பிளவுறும் பாதுகாப்புத் தொகுதிகள், பிர்ரோல், ஃபியூரான் போன்ற வளையங்கள். காரத்தைத் தாங்காதவை: எஸ்டர், ஆல்கைல் ஹாலைடு, கார்பனைலுக்குப் பக்கத்துக் கார்பனில் உட்கார்ந்திருக்கும் எந்த வெளியேறும் தொகுதியும். கார்பாக்சிலிக் அமிலம் இரண்டிலும் பிழைக்கும். காரத்தில் உப்பாக மாறும், கடைசியில் அமிலமாக்கினால் திரும்பி வரும், அவ்வளவுதான். பீனாலும் அப்படித்தான்.

இந்தப் பட்டியல் தயாரானால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

இரண்டாம் படி: அமிலமா, காரமா, நடுநிலையா

காரத்தை மட்டும் தாங்காத மூலக்கூறு என்றால் கிளெமென்சன். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எரிக் கிறிஸ்டியன் கிளெமென்சன் 1913-இல் வெளியிட்ட முறை இது. துத்தநாக ரசக்கலவையும் (பாதரசம் பூசிய துத்தநாகம்) அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து ரீஃப்ளக்ஸ் செய்வது, அதாவது ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்க வைப்பது. அரோமாட்டிக் கீட்டோன்களுக்கும் பீனாலிக் கீட்டோன்களுக்கும் இது மிக நன்றாக வேலை செய்யும். தொண்டை மாத்திரைகளில் கிருமிநாசினியாகச் சேர்க்கும் ஹெக்சைல்ரிசார்சினாலைத் தயாரிக்கப் பயன்பட்ட வழி இதுதான்: ரிசார்சினாலோடு ஹெக்சனாயில் தொகுதியைச் சேர்த்து, பிறகு கிளெமென்சன்.

அமிலத்தைத் தாங்காத மூலக்கூறு என்றால் உல்ஃப்-கிஷ்னர். ரஷ்யாவின் தோம்ஸ்க் நகரில் நிகலாய் கிஷ்னர் 1911-இலும், ஜெர்மனியின் யேனா நகரில் லுட்விக் உல்ஃப் 1912-இலும் தனித்தனியாகக் கண்டது. கார்பனைலை ஹைட்ரசீனோடு சேர்த்து ஹைட்ரசோனாக்கி, காரத்தோடு சூடாக்கினால் நைட்ரஜன் வாயுவாக வெளியேறி ஆல்கேன் மிஞ்சும்.

இரண்டையும் தாங்காத மூலக்கூறுகளும் உண்டு. அவற்றுக்கு நடுநிலை வழிகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பிறகு வருவோம். அதற்கு முன் இந்த இரண்டும் உள்ளே எப்படி நடக்கின்றன என்று பார்ப்பது நல்லது. எங்கே தவறும் என்பது அப்போதுதான் புரியும்.

உல்ஃப்-கிஷ்னர் உள்ளே எப்படி நடக்கிறது

இந்த வினைவழிமுறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு அம்புக்குறிக்கும் காரணம் சொல்ல முடியும். கார்பனைல் கார்பனோடு ஹைட்ரசீன் சேர்ந்து நீர் வெளியேறுகிறது, ஹைட்ரசோன் கிடைக்கிறது. ஹைட்ரசோனின் ஓரத்து நைட்ரஜனிலிருந்து காரம் ஒரு புரோட்டானை எடுக்கிறது. எதிர்மின்சுமை அந்த நைட்ரஜனில் மட்டும் நிற்காமல் கார்பன் வரை பரவுகிறது. அந்தக் கார்பன், கரைப்பானிலிருந்து ஒரு புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. முதல் ஹைட்ரஜன் வந்துவிட்டது. இப்போது இரண்டு நைட்ரஜன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஓரத்தில் எஞ்சியிருக்கும் புரோட்டானையும் காரம் எடுத்தால், நைட்ரஜன் வாயு மூலக்கூறாகக் கழன்று போய், கார்பன் எதிரயனி நிற்கும். அது இன்னொரு புரோட்டானை வாங்கினால் இரண்டாவது ஹைட்ரஜனும் வந்தாயிற்று.

நைட்ரஜன் மூலக்கூறு மிகவும் நிலைப்புத்தன்மை உடையது, வாயுவாகக் குடுவையை விட்டே போய்விடுகிறது. எனவே வினை திரும்பி வர வழியே இல்லை. கார்பன் எதிரயனி போன்ற ஆற்றல் மிக்க ஒன்றை ஆல்கஹாலிக் கரைப்பானில் உருவாக்க முடிவது இதனால்தான்.

இதிலிருந்தே இந்த முறை எங்கே கெடும் என்பதும் தெரியும். நீர் அதிகம் இருந்தால் ஹைட்ரசோன் மீண்டும் கீட்டோனாகப் பிரியும்; கொதிக்கும் வெப்பநிலையும் ஏறாது. ஹைட்ரசீன் குறைவாக இருந்தால், உருவான ஹைட்ரசோன் இன்னொரு கீட்டோன் மூலக்கூறோடு சேர்ந்து அசீன் என்ற பக்கவிளைபொருள் ஆகிவிடும். கார்பனைலைச் சுற்றிப் பருத்த தொகுதிகள் நெருக்கிக்கொண்டிருந்தால் ஹைட்ரசோனே உருவாகாது. பக்கத்துக் கார்பனில் வெளியேறும் தொகுதி இருந்தால், எதிர்மின்சுமை அதை வெளியே தள்ளி ஆல்கீன் ஆகிவிடும்.

சீன வேதியியலாளர் ஹுவாங் மின்லோன் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1946-இல் வெளியிட்ட மாற்றம் நீர்ப் பிரச்சினையை நேராகத் தீர்த்தது. இன்று ஆய்வகத்தில் "உல்ஃப்-கிஷ்னர்" என்று யார் சொன்னாலும் பெரும்பாலும் செய்வது இதைத்தான். டைஎத்திலீன் கிளைக்கால் கரைப்பான். அதில் கீட்டோன், தாராளமாக ஹைட்ரசீன் ஹைட்ரேட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக ரீஃப்ளக்ஸ் செய்து ஹைட்ரசோனை உருவாக்க விடுகிறார்கள். அதன்பின் குளிர்விப்பானை மாற்றி வைத்து, நீரையும் மிஞ்சிய ஹைட்ரசீனையும் வடித்து வெளியேற்றுகிறார்கள். குடுவைக்குள் வெப்பநிலை 195 முதல் 200 டிகிரி வரை ஏறியதும், மறுபடி ரீஃப்ளக்ஸ் நிலைக்கு மாற்றி மூன்று நான்கு மணி நேரம். பழைய முறையில் நாள்கணக்கில் இழுத்த வேலை ஒரே நாளில் முடிகிறது.

புதியவர்கள் தடுமாறும் இடம் நடுவில் இருக்கும் அந்த வடித்தல்தான். அவசரப்பட்டு நீரை முழுதாக எடுக்காமல் விட்டால் வெப்பநிலை 140, 150-ஐத் தாண்டாது. எத்தனை மணி நேரம் வைத்தாலும் ஹைட்ரசோன் ஹைட்ரசோனாகவே கிடக்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், குடுவைக்குள் இருக்கும் வெப்பமானியைப் பாருங்கள். நைட்ரஜன் குமிழ்கள் நின்றுவிட்டனவா என்பதையும் கவனியுங்கள். இன்னொன்று: சூடான அடர் காரம் கண்ணாடியை அரிக்கும், தேய்த்த கண்ணாடி மூட்டுகள் இறுகிப்போகும். மூட்டுகளில் கிரீஸ் தடவாமல் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

200 டிகிரி அதிகம் என்றால், அமெரிக்க வேதியியலாளர் டொனால்டு கிராம் 1962-இல் காட்டிய வழி உண்டு. முன்கூட்டியே தயாரித்த ஹைட்ரசோனை, டைமெத்தில் சல்ஃபாக்சைடில் இருக்கும் பொட்டாசியம் டெர்ஷியரி பியூட்டாக்சைடுடன் மெதுவாகச் சேர்ப்பது. அறை வெப்பநிலையிலேயே நடக்கும். மெதுவாக என்பது முக்கியம். மொத்தமாகக் கொட்டினால் அசீன்தான் மிஞ்சும்.

கிளெமென்சன் நடக்கும் இடம் துத்தநாகப் பரப்பு

கிளெமென்சனின் வினைவழிமுறையை இப்படி அம்பு அம்பாக எழுத முடியாது. வினை கரைசலுக்குள் நடப்பதில்லை, துத்தநாகத்தின் பரப்பில் நடக்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம்: கீட்டோன் முதலில் ஆல்கஹாலாகி, அது பிறகு ஆல்கேனாவதில்லை. சாதாரண ஆல்கஹாலை அதே நிலையில் வைத்தால் அது ஆல்கேனாக ஒடுங்குவதில்லை. எனவே விடைத்தாளில் ஆல்கஹாலை இடைநிலையாக எழுதாதீர்கள். கார்பனுக்கும் துத்தநாகத்துக்கும் இடையே பிணைப்பு உருவாகி, அதன் வழியே போகிறது என்று எழுதினால் போதும்.

ரசக்கலவை தயாரிப்பு எளிது. துத்தநாகத் துண்டுகளோடு மெர்குரிக் குளோரைடு, நீர், சிறிது அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துச் சில நிமிடம் குலுக்கி, மேல்நீரை வடித்துவிட வேண்டும். பாதரசம் பூசாத துத்தநாகம் அமிலத்தோடு நேரடியாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வீணாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பாதரசப் பூச்சு அதைக் கட்டுப்படுத்துகிறது. அப்படியும் நீண்ட ரீஃப்ளக்ஸில் அமிலம் நீர்த்துப்போகும். அவ்வப்போது அடர் அமிலம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நீரில் கரையாத கீட்டோன் என்றால் டொலுயீன் சேர்ப்பது நல்ல பழக்கம். கீட்டோனில் பெரும்பகுதி மேலே டொலுயீன் அடுக்கில் இருக்கும்; கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே இறங்கித் துத்தநாகத்தைத் தொடும். இரண்டு கீட்டோன் மூலக்கூறுகள் தம்முள் இணைந்து பிசினாவது இதனால் குறையும்.

பாதரசம் நஞ்சு. அதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள், ஈதர் போன்ற கரிமக் கரைப்பானில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கரைத்து, தூண்டப்பட்ட துத்தநாகத் தூளோடு 0 டிகிரி அளவில் செய்யும் மாற்று முறையைப் பார்க்கலாம். பாதரசமும் வேண்டாம், கொதிக்கும் அமிலமும் வேண்டாம். மென்மையான மூலக்கூறுகளுக்கு முதலில் இதைத்தான் முயல்வேன்.

கிளெமென்சனில் ஏமாற்றும் மூலக்கூறுகள் சில. ஆல்ஃபா-ஹாலோகீட்டோனில் ஹாலஜனையும் துத்தநாகம் பிடுங்கிவிடும். 1,3-டைகீட்டோன்களில் கார்பன் சட்டகமே மாறும். அசிட்டைல்அசிட்டோனிலிருந்து பென்டேன் வராது, 3-மெத்தில்பியூட்டன்-2-ஓன் வரும். இரட்டைப் பிணைப்போடு இணைந்த கீட்டோன்களில் அந்த இரட்டைப் பிணைப்பும் ஒடுங்கக்கூடும்.

நடுநிலை வழிகள்

எஸ்டரும் அசிட்டாலும் ஒரே மூலக்கூறில் இருக்கின்றன என்றால் மேலே சொன்ன இரண்டும் ஆகாது. அப்போது கார்பனைலை டோசைல்ஹைட்ரசோனாக மாற்றி, சோடியம் போரோஹைட்ரைடு அல்லது சோடியம் சயனோபோரோஹைட்ரைடால் ஒடுக்கலாம். இது இத்தாலிய வேதியியலாளர் காலியோட்டி பெயரில் அறியப்படும் வழி. வலுவான அமிலமோ காரமோ தேவையில்லை. சயனோபோரோஹைட்ரைடை வலுவான அமிலத்தோடு சேர்க்கக் கூடாது, ஹைட்ரஜன் சயனைடு வரும். இணைந்த இரட்டைப் பிணைப்பு உள்ள கீட்டோனில் இந்த முறை இரட்டைப் பிணைப்பைப் பக்கத்துக்கு நகர்த்திவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு வழி, கீட்டோனை எத்தேன்டைதயோலோடு சேர்த்துத் தயோகீட்டாலாக்கி, ரானே நிக்கலால் கந்தகத்தை எடுப்பது. ஒடுக்கும் படி நடுநிலையில் நடக்கிறது. தயோகீட்டால் ஆக்கும் முதல் படிக்கு மட்டும் லூயிஸ் அமிலம் தேவை. அதனால் எஸ்டர் இருக்கும் மூலக்கூறுக்குப் பொருந்தும், அசிட்டாலுக்குச் சந்தேகம். மூலக்கூறில் ஆல்கீன் இருந்தால் அதையும் ரானே நிக்கல் ஹைட்ரஜனேற்றம் செய்துவிடும். ரானே நிக்கல் உலர்ந்தால் காற்றில் தானே தீப்பிடிக்கும், எப்போதும் ஈரமாகவே வைத்திருங்கள். தயோலின் நாற்றம் கட்டடம் முழுக்கப் பரவும். ஃப்யூம் ஹுட்டுக்கு (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) வெளியே புட்டியைத் திறக்காதீர்கள்.

கார்பனைல் நேராக பென்சீன் வளையத்தோடு ஒட்டியிருந்தால் இன்னும் இரண்டு வசதிகள். பல்லேடியம்-கார்பன் வினையூக்கியில் ஹைட்ரஜனைச் செலுத்தினால், அது பென்சைலிக் ஆல்கஹால் வழியாக ஆல்கேன் வரை போகும். டிரைஎத்தில்சிலேனும் டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலமும் சேர்ந்த முறையும் உண்டு. வளையத்தோடு நேரடியாக ஒட்டாத சாதாரணக் கீட்டோன்களில் இவற்றை எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாம் படி: முடிந்ததா என்று சோதியுங்கள்

2,4-டைநைட்ரோபினைல்ஹைட்ரசீன் சோதனையில் ஆரம்பியுங்கள். ஒரு சொட்டு விளைபொருளோடு இதைச் சேர்த்தால் மஞ்சளோ ஆரஞ்சோ சிவப்போ வீழ்படிவு வந்தால் கார்பனைல் இன்னும் இருக்கிறது. வராவிட்டால் அகச்சிவப்பு நிறமாலையைப் பாருங்கள்: 1-பினைல்புரோப்பன்-1-ஓனில் 1685 cm⁻¹ அருகே நிமிர்ந்து நின்ற கார்பனைல் முகடு காணாமல் போயிருக்க வேண்டும். 3300-ஐ ஒட்டி அகலமான முகடு புதிதாக வந்திருந்தால் ஆல்கஹால் கலந்திருக்கிறது.

புரோட்டான் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலைதான் கடைசிச் சான்று. என்-புரோப்பைல்பென்சீனில் 2.6 ppm அருகே வளையத்தை ஒட்டிய இரண்டு ஹைட்ரஜன்கள், 1.6 அருகே நடுவில் இருப்பவை, 0.9-ஐ ஒட்டி ஓரத்து மூன்று. ஐசோபுரோப்பைல் என்றால் 1.2 அருகே ஆறு ஹைட்ரஜன்கள் இரட்டையாக நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளவே முடியாது.

பாதுகாப்பு பற்றி நேராகச் சொல்கிறேன். ஹைட்ரசீன் தோல் வழியாகவே உடலில் சேரும். மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டது. கையுறை, கண்ணாடி, ஃப்யூம் ஹுட் மூன்றும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பயன்படுத்திய ரசக்கலவையைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அதற்கென்று மூடியுள்ள, பெயர் எழுதிய தனிப் புட்டி இருக்க வேண்டும். மேற்பார்வை இல்லாமல் இந்த வினைகள் எதையும் செய்ய வேண்டாம்.

சில மூலக்கூறுகளில் பழகிப் பாருங்கள்

4-ஹைட்ராக்சிஅசிட்டோபீனோன்: பீனாலும் கீட்டோனும் மட்டும். இரண்டு முறையும் சரி, கிளெமென்சன் எளிது. விளைபொருள் 4-எத்தில்பீனால்.

5-குளோரோ-1-பினைல்பென்டன்-1-ஓன்: சங்கிலியின் ஓரத்தில் குளோரின். சூடான காரத்தில் ஹைட்ராக்சைடோ ஹைட்ரசீனோ அதை இடம்பெயர்க்கும், அல்லது ஆல்கீன் வரும். கிளெமென்சன் எழுதுங்கள்.

ஒரு கீட்டோனும் அதே மூலக்கூறில் கீட்டாலாகப் பாதுகாக்கப்பட்ட இன்னொரு கீட்டோனும்: அமிலத்தில் பாதுகாப்பு கழன்று இரண்டுமே ஒடுங்கிவிடும். உல்ஃப்-கிஷ்னர் செய்யுங்கள், பிறகு கீட்டாலைத் தனியாக நீக்குங்கள்.

3-பென்சாயில்புரோப்பனாயிக் அமிலம்: பென்சீனோடு சக்சினிக் நீரிலியைச் சேர்த்துக் கிடைப்பது. கிளெமென்சனில் 4-பினைல்பியூட்டனாயிக் அமிலமாகும், கார்பாக்சில் தொகுதி அப்படியே இருக்கும். அதை வளையமாக்கினால் 1-டெட்ராலோன் வரும், மறுபடி ஒரு கிளெமென்சன் போட்டால் டெட்ராலின். நாப்தலீன் வளையங்களைக் கட்டும் ஹாவொர்த் தொகுப்பு முறையில் இதே ஒடுக்கம் இரண்டு முறை வருகிறது. முழுப் பாதையையும் ஒரு முறை கையால் எழுதிப் பாருங்கள்.

3-நைட்ரோஅசிட்டோபீனோன்: தேர்வில் மிகவும் விரும்பிக் கேட்கப்படுவது. கிளெமென்சனில் கீட்டோன் எத்தில் ஆகும். துத்தநாகமும் அமிலமும் இருக்கும் இடத்தில் நைட்ரோவும் சும்மா இருக்காது, அமீனாகிவிடும். எனவே விடை 3-எத்தில்நைட்ரோபென்சீன் அல்ல, 3-எத்தில்அனிலீன். அமிலக் கரைசலில் அது உப்பாகக் கரைந்து கிடக்கும்; காரம் சேர்த்த பிறகுதான் எண்ணெயாகப் பிரிந்து வரும். அதற்கு முன் ஈதரில் பிரித்தெடுக்கப் போனால் பிரிபுனலில் ஈதர் அடுக்கில் விளைபொருள் எதுவும் இருக்காது.